"வென்ச்"னு ஒரு பழைய இங்கிலீஷ் வார்த்தை: எங்க பாசம், எங்க திட்டுன்னு கண்டுபிடிக்கறது எப்படி

சில வருஷம் முன்னாடி ஒரு காலேஜ் நாடகக் குழுவுக்கு ஷேக்ஸ்பியரோட ஒத்தெல்லோ நாடகத்துக் கடைசி சீனை தமிழ்ல எழுதிக் குடுத்தேன். டெஸ்டிமோனா செத்துக் கிடக்கறா, ஒத்தெல்லோ அவ மூஞ்சியப் பாத்து "வென்ச்"னு ஒரு வார்த்தை சொல்லுவான், நான் கைல இருந்த டிக்ஷனரிய பொரட்டுனேன், அதுல இளம்பெண், வேலைக்காரி, வேசின்னு மூணு அர்த்தம் போட்டிருந்துச்சு, சரி பொண்டாட்டி துரோகம் பண்ணிட்டான்னுதானே கொன்னான்னு மூணாவதை எடுத்துப் போட்டுட்டேன். ரிகர்சல்ல டெஸ்டிமோனாவோட பணிப்பெண் எமிலியாவா நடிச்ச பொண்ணு வசனத்தை பாதில நிறுத்திட்டு கேட்டா, "அண்ணா, அவ ஒரு தப்பும் பண்ணலன்னு இப்பதானே நான் கத்தி முடிச்சேன், அப்புறமும் இவரு ஏன் அவள அப்படி திட்டறாரு?"

பதில் இல்ல என்கிட்ட. ஏன்னா தப்பு ஒத்தெல்லோ மேல இல்ல, என் மேல. அன்னிக்கு ராத்திரி உக்காந்து இந்த ஒரு வார்த்தைய நோண்ட ஆரம்பிச்சதுதான், இன்னும் முடியல. பழைய இங்கிலீஷ் கதையோ நாடகமோ பைபிளோ படிக்கறவங்க, மொழிபெயர்க்கறவங்க, சப்டைட்டில் போடறவங்க யாருக்கும் இந்த வார்த்தை ஒரு நாள் குறுக்க வரும், அப்ப என்ன பண்ணணும்னு நான் அடிபட்டு கத்துக்கிட்டத இங்க எழுதறேன்.

முதல்ல பாக்க வேண்டியது வருஷம். அர்த்தத்தை அப்புறம் பாத்துக்கலாம், அந்த வரி எந்தக் காலத்துல எழுதினதுன்னு தெரியாம டிக்ஷனரிய தொடவே தொடாதீங்க. ஏன்னா இந்த வார்த்தை பொறந்தப்ப அதுக்கு பொண்ணுங்கற அர்த்தமே கிடையாது. ஆயிரம் வருஷத்துக்கு முந்தின இங்கிலீஷ்ல இது "வென்செல்", அர்த்தம் குழந்தை, அவ்ளோதான், ஆணா பொண்ணாங்கற பேச்சே இல்ல. 12ஆம் நூற்றாண்டுல ஓர்ம்னு ஒரு துறவி தன் பேரையே வச்சு ஓர்முலம்னு ஒரு நீளமான பாட்டு நூல் எழுதினார், அவர்கூட குழந்தைங்கற அர்த்தத்துலதான் போடறார். (இந்த ஓர்ம் ஒரு தனி கேரக்டர், ஜனங்க தப்பா உச்சரிச்சிடக் கூடாதுன்னு குறில் வர்ற எடத்துல எல்லாம் அடுத்த மெய்யெழுத்தை ரெண்டு தடவை எழுதுவார், அவர் கையெழுத்துப் பிரதியே இன்னும் ஆக்ஸ்ஃபோர்டு நூலகத்துல இருக்கு, அந்தக் காலத்து உச்சரிப்பு எப்படி இருந்துச்சுன்னு ஆராய்ச்சி பண்றவங்களுக்கு அவர் ஒரு வரப்பிரசாதம்.)

அப்புறம் 13ஆம் நூற்றாண்டு வாக்குல வால் அறுந்துடுது, "வென்செல்" வெறும் "வென்ச்" ஆகுது. இது ஒண்ணும் அதிசயம் இல்ல, இன்னிக்கு "மச்"னு சொல்றாங்களே, நிறையங்கற அர்த்தத்துல, அதுவும் ஒரு காலத்துல "முச்செல்"தான், அதே மாதிரி பின்பாதி கழண்டு போனதுதான். வால் போனதோட ஆண் குழந்தையும் போயிடுச்சு, பொண்ணு மட்டும் மிஞ்சினா. கைக்குழந்தையில இருந்து கல்யாணம் ஆகாத இளம்பொண்ணு வரைக்கும் எல்லாருமே வென்ச்தான், அதுல கெட்ட வாடை எதுவும் இல்ல.

14ஆம் நூற்றாண்டுலதான் வார்த்தை மூணா பிரியுது, பொண்ணு, வேலைக்காரப் பொண்ணு, நடத்தை சரியில்லாதவ. இந்த மூணும் ஒண்ணுக்கப்புறம் ஒண்ணா வரிசையா வரல, ஒரே நேரத்துல ஒண்ணோட ஒண்ணு உரசிக்கிட்டு ஓடுது, அதனாலதான் நம்ம மாதிரி ஆளுங்க வழுக்கி விழறோம். 1590கள்ல அதையே வினைச்சொல்லா ஆக்கி, பொம்பளைங்க பின்னாடி சுத்தறதுக்கும் சொல்ல ஆரம்பிச்சிட்டாங்க.

வருஷம் எவ்ளோ முக்கியம்னு பாக்க ஒரு நல்ல வழி இருக்கு. பைபிள்ல ஒரே வசனத்தை காலம் காலமா மொழிபெயர்த்துக்கிட்டே இருந்திருக்காங்க இல்லையா, அதை பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. மத்தேயு 9ஆம் அதிகாரம் 24ஆம் வசனம், செத்துப்போன சின்னப் பொண்ணு வீட்டுக்குள்ள இயேசு போய் இவ சாகல, தூங்கறான்னு சொல்ற எடம். அந்தப் பொண்ணுக்கு 12 வயசுன்னு மாற்கு எழுதியிருக்கார். 1380கள்ல விக்லிஃப்னு ஒரு இங்கிலாந்து பாதிரியாரோட ஆளுங்க பண்ணின முதல் மொழிபெயர்ப்புல அந்தப் பொண்ணு "வென்ச்". அதே கூட்டம் சில வருஷம் கழிச்சு திருத்தி எழுதினப்ப "டாம்சல்". 1611ல ஜேம்ஸ் ராஜா காலத்து பைபிள்ல "மெய்ட்". இன்னிக்கு கடையில வாங்கற பைபிள்ல "கேர்ள்". அதே பொண்ணு, அதே 12 வயசு, நாலு வார்த்தை. 1380கள்ல இருந்தவங்க ஒரு புனித நூல்ல, அதுவும் உயிரோட எழுந்திரிக்கப் போற குழந்தைக்கு இந்த வார்த்தைய கூசாம போட்டிருக்காங்கன்னா அது அப்ப எவ்ளோ சாதாரண வார்த்தைன்னு பாத்துக்கங்க.

1611 பைபிள்ல வென்ச் மொத்தமே ஒரே ஒரு தடவைதான் வருது, இரண்டாம் சாமுவேல் 17:17ல. அப்சலோம் அப்பன் தாவீதுக்கு எதிரா கிளம்பின நேரம், யோனத்தானும் அகிமாசும் ஊருக்குள்ள போகாம வெளியே ஒளிஞ்சிருக்காங்க, உள்ள இருந்து ஒரு வென்ச் போய் அவங்களுக்கு சேதி சொல்றா. எபிரேயத்துல அங்க இருக்கறது பணிப்பெண்ங்கற வார்த்தை. அதாவது 1611க்குள்ள அந்த வார்த்தை வீட்டுக்குள்ள இருந்து அடுப்படிக்கு எறங்கிடுச்சு.

வருஷம் தெரிஞ்சாச்சா, அடுத்து யார் யாரைப் பாத்து சொல்றாங்கன்னு பாருங்க, என்னைக் கேட்டா இதுதான் உயிர்நாடி. ஷேக்ஸ்பியர் ஒருத்தரையே எடுத்துக்கங்க. டெம்பெஸ்ட்ல பிராஸ்பெரோ பழங்கதை சொல்லிட்டிருக்கான், மக மிராண்டா நடுவுல ஒரு புத்திசாலித்தனமான கேள்வி கேக்கறா, அப்பங்காரன் நல்லா கேட்ட வென்ச்ங்கறான். பெத்த மகள. எட்டாம் ஹென்றி நாடகத்துல ராணி கேத்தரின் சாகக் கிடக்கறா, பக்கத்துல பேஷன்ஸ்னு பணிப்பெண், நான் செத்தா என்னை மரியாதையா அடக்கம் பண்ணு, மேல பூ தூவுன்னு சொல்லும்போது அவள நல்ல வென்ச்னு கூப்பிடறா. ரோமியோ ஜூலியட்ல மெர்குஷியோ, ரோமியோவை அலைய விடற ரோசலினை வெளுத்த கல்நெஞ்சுக்கார வென்ச்ங்கறான், அது சேக்காளிங்க நடுவுல அடிக்கற நக்கல். ஆண்டனி கிளியோபாட்ராவுல அக்ரிப்பா இன்னும் ஒரு படி மேல போய் கிளியோபாட்ராவையே ராஜ வென்ச்ங்கறான், ஆனா அவ இருக்கற எடத்துல இல்ல, ரோம்ல ஆம்பளைங்க உக்காந்து பொரணி பேசும்போது.

இப்ப இதுல ஒரு ஒழுங்கு தெரியுதா? அப்பன் மகளை, எஜமானி பணிப்பெண்ணை, நண்பனோட சேக்காளி அங்க இல்லாத பொண்ணை. எப்பவும் மேல இருந்து கீழதான் எறங்குது, இல்லன்னா ரொம்ப நெருக்கத்துல வருது, இல்லன்னா முதுகுக்குப் பின்னாடி வருது. அந்தப் பணிப்பெண் திருப்பி ராணியை அப்படி கூப்பிட்டிருந்தா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. நம்ம ஊர்ல "ஏ புள்ள"ங்கறது மாதிரி. அப்பா சொன்னா ஒண்ணு, பஸ்ல பின்னாடி நிக்கறவன் சொன்னா செருப்பு.

இந்த மேல கீழ விஷயத்தை ஷேக்ஸ்பியருக்கு 200 வருஷம் முன்னாடியே கவிஞர் சாசர் போட்டு உடைச்சிட்டார். கேன்டர்பரி கதைகள்ல வியாபாரி சொல்ற கதைல ஜனவரின்னு ஒரு கிழட்டு பிரபு, மே-ன்னு சின்ன வயசுப் பொண்டாட்டி, அவரு கண்ணு தெரியாமப் போய் அவ நடத்தைய சந்தேகப்படறாரு, அவ உடனே அழுது, நான் துரோகம் பண்ணினா என்னை சாக்குல கட்டி ஆத்துல போடுங்க, நான் நல்ல குடும்பத்துப் பொண்ணு, வென்ச் இல்லங்கறா. அப்படி சொல்லிட்டே ஒரு பக்கம் கள்ளக்காதலனுக்கு கைஜாடை காட்டி மரத்து மேல ஏத்தி விடறா! இன்னொரு கதைல, மேன்சிபிள், அதாவது சாப்பாட்டு சாமான் வாங்கிப் போடற ஆள், சொல்றது, சாசர் நேரடியாவே சொல்லிடறார்: பெரிய வீட்டுப் பொம்பளை தப்பு பண்ணினா அவளுக்கு பேரு சீமாட்டி, ஏழைப் பொம்பளை அதையே பண்ணினா அவ வென்ச், படுக்கறது என்னவோ ரெண்டு பேரும் ஒரே மாதிரிதான். 14ஆம் நூற்றாண்டு முடியப் போற நேரத்துல எழுதினது இது. டிக்ஷனரில வேசின்னு ஒரு அர்த்தம் எப்படி முளைச்சுதுன்னு இதுக்கு மேல யாரும் விளக்க முடியாது. வார்த்தை கெட்டுப்போகல, அந்த வார்த்தை யாரு மேல ஒட்டியிருந்துச்சோ அவங்கள ஊரு கேவலமா பாத்துச்சு, அந்தப் பார்வை வார்த்தைல படிஞ்சிடுச்சு.

மூணாவது, எந்த ஊர். இதை நிறைய பேர் விட்டுடறாங்க. இங்கிலாந்து நடுவுல பர்மிங்காமுக்கு மேற்குப் பக்கம் டட்லி, வால்சால் இருக்கற நிலக்கரி பூமிக்கு பிளாக் கன்ட்ரின்னு பேரு. அங்க இன்னிக்கும் வென்ச் பாச வார்த்தை, "நம்ம வென்ச்"னா கூடப்பொறந்தவளா இருக்கும், வீட்டுக்காரியாவும் இருக்கும், வயசான அம்மணியக்கூட அப்படி வாய் நிறைய கூப்பிடுவாங்க. 1842ல சட்டம் போட்டு பொம்பளைங்க சுரங்கத்துக்கு உள்ள எறங்கக் கூடாதுன்னு ஆக்கினதுக்கப்புறம் சுரங்க வாசல்ல நிலக்கரிய கொட்டிப் பிரிக்கற வேலைய அவங்க பாத்தாங்க, அந்தப் பொண்ணுங்களுக்கு வடக்கால லங்காஷயர்ல "லாஸ்"னு பேரு, பிளாக் கன்ட்ரில "வென்ச்"னு பேரு. ஒரே வேலை, ஒரே கரி, ஊருக்கு ஏத்த வார்த்தை.

நமக்கு இது புரியறது கஷ்டமே இல்ல. யாழ்ப்பாணத்துல "பெட்டை"ன்னா பொண்ணு, "பெடியன்"னா பையன், வீட்ல சாதாரணமா பேசறது. அதையே சென்னைல ஒரு பொண்ணைப் பாத்து சொல்லுங்க பாப்போம், இங்க பெட்டைன்னா கோழிக்கும் நாய்க்கும் சொல்றது.

கடலுக்கு அந்தப் பக்கம் அமெரிக்கா போனீங்கன்னா கதையே வேற, அங்க ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும். 18, 19ஆம் நூற்றாண்டு அமெரிக்க பத்திரிகைகள்ல அடிமை விற்பனை விளம்பரம், ஓடிப்போன அடிமையைத் தேடற விளம்பரம் இதுல எல்லாம் கறுப்பினப் பெண்களை இந்த வார்த்தையால குறிச்சிருக்காங்க, வயசு வித்தியாசம்கூட கிடையாது, நடு வயசுப் பொம்பளையும் வென்ச்தான். அங்க பொண்ணு, புள்ளன்னு செல்லமா மொழிபெயர்த்தா அது பெரிய அநியாயம், அடிமைப் பெண்ணுன்னு வெளிப்படையா எழுதிடணும். அதே அமெரிக்காவுல 1963ல கலிஃபோர்னியால ஆரம்பிச்சு பழைய இங்கிலாந்து மாதிரி வேஷம் கட்டற திருவிழாக்கள் ஊர் ஊரா நடக்குது, அதுல மதுக்கடைல பரிமாறற பொண்ணு வேஷம் போட்டுக்கிட்டு நான் வென்ச்னு சிரிச்சுக்கிட்டே சொல்லிக்கறாங்க. எப்படி ஒரே நாட்டுல ஒரே வார்த்தைக்கு இப்படி ரெண்டு மூஞ்சின்னு எனக்கு இன்னமும் ஒரு மாதிரியாதான் இருக்கு.

நாலாவது, அக்கம்பக்கம். அந்த வார்த்தைக்கு முன்னாடி பின்னாடி என்ன இருக்குன்னு பாருங்க, நான் கோட்டை விட்டது இங்கதான். ஒத்தெல்லோவுக்கு வேசின்னு சொல்ல வார்த்தை பஞ்சமே இல்ல, நாலாவது அங்கத்துல டெஸ்டிமோனாவை மூஞ்சிக்கு நேரா அந்த அர்த்தம் உள்ள பச்சையான வார்த்தைங்களை மாத்தி மாத்தி சொல்லித் திட்டறான். கடைசி அங்கத்துல உண்மை தெரிஞ்சப்புறம்தான் "வென்ச்" வருது. அதுக்கு முன்னாடி ஒட்டியிருக்கற அடைமொழி விதிகெட்ட, நட்சத்திரம் சரியில்லாதங்கற அர்த்தம். அடுத்தது உன் உள்ளாடை மாதிரி வெளுத்துப் போயிட்டியேங்கறான். நாலு வரி தள்ளி, சில்லுன்னு இருக்கியே என் பொண்ணே, உன் கற்பு மாதிரியேங்கறான், அங்க அவன் போடற வார்த்தை "கேர்ள்". கற்புன்னு அவனே சொல்றான் சார், நான் மேல வேசின்னு எழுதி வச்சிருக்கேன்! பக்கத்து நாலு வரிய படிச்சிருந்தா அன்னிக்கு அந்தப் பொண்ணு முன்னாடி முழிச்சிருக்க வேண்டியதில்ல.

எங்க தேடறதுன்னு கேப்பீங்க. காசு கட்டணும்னா ஆக்ஸ்ஃபோர்டு பெரிய டிக்ஷனரி, வருஷ வாரியா எடுத்துக்காட்டு வரியோட குடுத்திருப்பாங்க. காசில்லாம வேணும்னா மிச்சிகன் பல்கலைக்கழகத்தோட மிடில் இங்கிலீஷ் டிக்ஷனரி முழுசா நெட்ல இருக்கு, சாசர் காலத்துக்கு அதை அடிச்சுக்க ஆளில்ல. அதுக்கும் முந்தின இங்கிலீஷுக்கு பாஸ்வொர்த் டோலர் டிக்ஷனரி, அதுவும் ஃப்ரீ. அவசரத்துக்கு எட்டிமான்லைன்னு வார்த்தைங்களோட வேர் சொல்ற வெப்சைட் பாக்கலாம், ஆனா அதோட நிறுத்திடாதீங்க. தேடும்போது அந்தக் காலத்து எழுத்துக்கூட்டல் ஒரே மாதிரி இருக்காது, கடைசில "இ" சேத்து, நடுவுல எழுத்தை ரெட்டிச்சு எல்லாம் எழுதுவாங்க, நாலஞ்சு விதமா அடிச்சுப் பாக்கணும். அர்த்தத்தைப் படிக்கறதவிட கீழ குடுத்திருக்கற எடுத்துக்காட்டு வரிகளைப் படிங்க, அங்கதான் வார்த்தை உசிரோட நடமாடுது.

வேரைப் பத்தி ஒரு எச்சரிக்கை. "வென்செல்" கூட "வான்கோல்"னு ஒரு பழைய சொல்லை சேத்து சொல்லுவாங்க, அதுக்கு தள்ளாடற, நிலையில்லாத, பலவீனமானன்னு அர்த்தம், ஜெர்மன்ல தள்ளாடறதுக்கு இன்னிக்கும் "வாங்கென்"தான். குழந்தை தத்தித் தத்தி நடக்கும் இல்லையா, அந்த வழியா குழந்தைக்கு வந்திருக்கும்ங்கறது நல்லாவே பொருந்துது. ஆனா இதைப் பிடிச்சுக்கிட்டு, பாத்தியா பொண்ணுங்கன்னாலே நிலையில்லாதவங்கன்னு அந்தக் காலத்துலயே சொல்லி வச்சிருக்கான்னு சில பேர் பாடம் எடுப்பாங்க, நம்பாதீங்க. வேர் பொறந்தப்ப அங்க பொண்ணே இல்ல, ரெண்டு பாலுக்கும் பொதுவான குழந்தைதான் இருந்துச்சு.

இதுல வென்ச் மட்டும் தனி ஆள் இல்ல. "கேர்ள்" இருக்கே, அதுவும் 1300 வாக்குல ஆண் குழந்தை பெண் குழந்தை ரெண்டுக்கும்தான், ஆணுன்னு தெளிவா சொல்லணும்னா முன்னாடி "நேவ்"னு சேத்துக்குவாங்க, நாம ஆம்பளப்புள்ள பொம்பளப்புள்ளன்னு சொல்றோமே அதே மாதிரி. அந்த "நேவ்" பையன்ல ஆரம்பிச்சு வேலைக்காரனாகி கடைசில அயோக்கியன் ஆயிட்டான், அதனால பொண்ணுங்க வார்த்தை மட்டும்தான் கெட்டுப்போகும்னு இல்ல, கீழ இருக்கறவன் வார்த்தை கெட்டுப்போகும். ஆனா பொண்ணுங்க பக்கம் கணக்கு அதிகம்தான், "ஹஸ்ஸி"ங்கற வசவு "ஹவுஸ்வைஃப்"போட தேஞ்ச உருவம், நம்புவீங்களா.

கடைசில தமிழ்ல என்னன்னு எழுதறது. ஒரே வார்த்தைய எல்லா எடத்துக்கும் போடலாம்ங்கற ஆசைய விட்டுடுங்க. விக்லிஃப் காலம்னா "சிறுமி" போதும். பிராஸ்பெரோ மாதிரி அப்பா சொன்னா "புள்ள", 1611 பைபிள்னா "வேலைக்காரி". சாசரோட மே சொல்றதுக்கு "நான் ஒண்ணும் கண்டவ இல்ல"ன்னு வாக்கியத்தையே மாத்திடலாம், அங்க தனி வார்த்தைய தேடினா வசனம் செத்துடும். நம்மகிட்ட வென்ச்சுக்கு ரொம்ப நெருக்கமா ஒரு சொல் இருக்கு, "சிறுக்கி". சிறுங்கற வேர்ல இருந்து வந்து, சின்னப் பொண்ணா இருந்து, இப்ப சண்டைல வீசற வசவாவும் இருக்கு, கிராமத்துல கிழவி பேத்திய கொஞ்சற கொஞ்சலாவும் இருக்கு. மேல கீழ, பாசம் நக்கல் எல்லாம் அப்படியே அதுக்குள்ள இருக்கு. மெர்குஷியோவுக்கு கண்ண மூடிக்கிட்டு போடலாம். ஆனா மேடைல சாவு சீன்ல போட்டா ஆடியன்ஸ் சிரிச்சிடுவாங்க, ஒரு தடவை போட்டுப் பாத்துட்டோம், சிரிச்சாங்க.

ஒத்தெல்லோ வரிக்கு மூணு நாள் அடிச்சு அடிச்சு எழுதினோம். "துர்பாக்கியவதியே" ரேடியோ நாடகம் மாதிரி இருந்துச்சு, "பெண்ணே" சப்புன்னு இருந்துச்சு. எமிலியா பொண்ணோட பாட்டி ஊர்ல எழவு வீட்ல அழும்போது சொல்றதுன்னு அவளே ஒண்ணு சொன்னா, அதையே வச்சுட்டோம்: "அடி விதியத்த புள்ள, இப்படி வெளுத்துக் கெடக்கியே." பையன் அதை சொன்னப்ப ஹால்ல யாரும் இருமக்கூட இல்ல. அதுக்கடுத்து அந்த உள்ளாடை சமாச்சாரம்தான் பாக்கி, "ஸ்மாக்"னு போட்டிருக்கார், தமிழ்ல எதைப் போட்டாலும் ஜவுளிக்கடை மாதிரி இருக்கு, கடைசில "உடுத்தின வெள்ளைத் துணி"ன்னு போட்டு ஒப்பேத்திட்டேன்.